திருப்பிப் பாரு, தெரியும்

தரங்கம்பாடியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நகர வாயிலைத் தாண்டியதும் நேரே கோட்டைக்குப் போவார்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் எழுப்பியது. பின்னால் கடலும் முன்னால் மணலுமாகப் படத்துக்கு எடுப்பாக இருக்கும். எங்களுக்கு அது பந்து எறிந்து விளையாடுகிற சுவர். எண்பதுகளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாங்கள் அண்ணாந்து பார்த்ததெல்லாம் ஆன்டெனாக்களைத்தான்.

இரும்புக் குழாய்க்குள் இன்னொரு குழாயைச் சொருகி, மாடியில் நட்டு, நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். மாடி இல்லாத வீட்டில் தென்னை மரமே கம்பம். உச்சியில் மீன் முள் மாதிரி அலுமினியக் குச்சிகள். ராஜ வீதியானாலும் மீனவர் தெருவானாலும் எல்லா முள்ளும் பார்த்தது ஒரே திசை: தெற்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி அதற்கு ஏழு வயது மூத்தது. ஆனால் எங்கள் ஊரில் சென்னை புள்ளி புள்ளியாகத்தான் வரும். ரூபவாஹினி நல்ல நாளில் கண்ணாடியாகத் தெரியும். கிரிக்கெட் பார்த்தோம், ஆங்கிலத் தொடர்கள் பார்த்தோம், ஒரு வார்த்தை புரியாமல் சிங்கள நாடகங்களுக்கு அழுதோம். இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தமிழ்ச் செய்தி தொடங்கினால் மட்டும் அறையில் பேச்சு நின்றுவிடும்.

பொறையார் போகிற சாலையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. ஆன்டெனா கட்டுவது, டேப் ரிக்கார்டர் பழுது பார்ப்பது, கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பது எல்லாம் அங்கேதான். வாசலில் ஒரு பலகை பெஞ்சு. விஞ்ஞானம், சினிமா, சட்டம், இந்த மூன்றிலும் தரங்கம்பாடியின் தீர்ப்புகள் அந்தப் பெஞ்சில்தான் வழங்கப்பட்டன. நிரந்தர உறுப்பினர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். சிங்கப்பூருக்குப் போய் வந்த பாய் ஒருவர். ஜப்பான் சாமான் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மாயவரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர் ஒருவர். சட்டம் அவர் பொறுப்பு. கடைக்கார அண்ணன் உள்ளே சால்டரிங் புகைக்கு நடுவில் குனிந்திருப்பார். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நான் கூடவே இருப்பேன்.

கடல் தாண்டி வருகிற படம் ஏன் சில நாள் பளிச்சென்றும் சில நாள் இருட்டாகவும் வருகிறது என்பதுதான் அப்போது பெரிய விவாதம்.

"உப்புக் காத்துல கரண்ட் நல்லாப் போவும். காத்துல உப்பு ஜாஸ்தியான அன்னிக்குப் படம் வரும்" என்பது பாயின் கட்சி.

"நிலா கடலையே இழுக்குது, அலையை இழுக்காதா? பௌர்ணமிய ஒட்டிப் பாருங்க" என்றார் வாத்தியார்.

குமாஸ்தாவுக்கு அரசியல் காரணம்தான் பிடிக்கும். "இலங்கைக்காரன் வேணுமின்னே நம்ம பக்கம் திருப்பி வுடுறான். சர்வதேசச் சட்டப்படி அது குத்தம்."

அண்ணன் எதற்கும் பதில் சொல்ல மாட்டார். என்னைப் பார்த்து, "தம்பி, கருத்து சொல்லக் காசு கெடையாது. நீ மேல ஏறித் திருப்பிப் பாரு, தெரியும்" என்பார். நான் மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு இம்மி இம்மியாகத் திருப்ப, கீழேயிருந்து "வருது… வருது… போச்சு, பின்னாடி வா" என்று குரல் வரும். அங்கே யாருடைய கருத்துக்கும் இடமில்லை. படம் வரும், அல்லது வராது.

பாயின் உப்பு ஒரே மாலையில் தோற்றது. ஆன்டெனாவின் நடுவில் பட்டை ஒயர் வந்து சேருகிற இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அண்ணன் அதைத் திறந்து காட்டினார். செம்புக் கம்பி பச்சை பிடித்து உதிர்ந்தது, திருகு வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, மறுபடி முடுக்கினார். படம் முன்னைவிடத் தெளிவாக வந்தது. உப்பு படத்தைக் கொண்டுவரவில்லை, தின்றுகொண்டிருந்தது. பாய் ஒரு டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

நிலா விவகாரம் கொஞ்சம் இழுத்தது. கடையில் முருகன் படம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பௌர்ணமி, அமாவாசை எல்லாம் வட்டம் போட்டிருக்கும். படம் நன்றாக வந்த இரவுகளில் அண்ணன் ஒரு பென்சில் கோடு போட்டு வந்தார். கோடுகள் வட்டத்தைத் தேடிப் போகவில்லை. சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாமல் புழுங்குகிற இரவுகளில் போய் மொய்த்தன. ஐப்பசி மழை தொடங்கியதும் கோடு நின்றுபோனது. "நிலா இல்ல சார், புழுக்கம்" என்றார் அண்ணன். வாத்தியார் ஒத்துக்கொண்டார். ஏன் புழுக்கம் என்று அவருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.

பிற்பாடு நான் இயற்பியல் படிக்கப் போனபோதுதான் காரணம் கிடைத்தது. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. தொலைவு கூடினால் பூமி வளைந்து கீழே போக, அலை நம் தலைக்கு மேலே போய்விடும். கோடையில் தரையிலிருந்து கிளம்புகிற சூடான உலர்காற்று, கடலை ஒட்டிக் கிடக்கிற குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் போர்த்திக்கொள்கிறது. கீழே குளிர், மேலே சூடு என்று அடுக்கு தலைகீழாகிவிட, அலை மேலே தப்பிக்க முடியாமல் வளைந்து வளைந்து கடலையொட்டியே ஓடி வருகிறது. காற்று அடித்தால் அடுக்கு கலையும், படமும் போகும். இலங்கையின் வடக்கே கொக்காவிலில் ரூபவாஹினிக்கு ஒரு மறு ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. தரங்கம்பாடியிலிருந்து அது ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்னையும் அதைவிட மிக அதிகத் தொலைவில்லை. வித்தியாசம் நடுவில் கிடந்த கடல்தான். அந்தக் கோபுரம் 1990 போரில் அழிந்தது. புதிய கோபுரம் 2011-ல்தான் எழுந்தது. அதற்குள் எங்கள் மாடிகளில் குழாய்கள் துருப்பிடித்துக் கொடிக்கம்பி கட்டப் பயன்பட்டன.

அண்ணன் மாதிரி ஆட்கள் தரங்கம்பாடிக்குப் புதிதில்லை. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் இங்கே கரையிறங்கினார். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் லண்டனிலிருந்து அச்சுப்பொறியும், ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகளும் கப்பலில் வந்தன. எழுத்து பெரிது, காகிதம் தங்கவில்லை. அச்சகத்திலிருந்த ஆட்லர் என்பவர், இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துகள் வார்த்தார் என்பது இந்த ஊர் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த செய்தி. பொறையாரில் காகித ஆலையும் போட்டார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகிவிட்டது. கோட்டை கட்டியவர்களுக்குச் சிலை வைக்கலாம், தடையில்லை. ஈய மூடி உருக்கியவருக்குத்தான் நான் மாலை போடுவேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நூலாசிரியருக்குப் பதிப்புரிமை தருகிற முதல் சட்டம் என்று எல்லோரும் காட்டுகிற சட்டம் ஆன் அரசியின் காலத்தில் லண்டனில் 1710-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் எங்கள் ஊரில் அச்சுப்பொறி ஓடத் தொடங்கிவிட்டது. அச்சுப்பொறி கப்பலேறி வந்த வேகத்தில் சட்டம் வரவில்லை. எண்பதுகளிலும் அதே கதைதான். இரட்டை டெக் டேப் ரிக்கார்டர் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டது, சட்டம் எங்கேயோ வழியில் நின்றது.

அந்த டெக்கில்தான் அண்ணன் பாட்டுப் பதிவார். வெறும் கேசட்டும் ஒரு தாளும் கொண்டு வருவார்கள். தாளில் ஏ பக்கம், பி பக்கம் என்று கோடு கிழித்து, பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர். சிலர் கடைசியில் "இடம் இருந்தால்" என்று இரண்டு பாட்டு எழுதியிருப்பார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துவிடக் கூடாது என்று அண்ணன் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார். வரிசையையும் மாற்றுவார். "சோகப் பாட்டு ரெண்டு சேந்தாப்புல வந்தா கல்யாண வூட்டுல கேசட்ட மாத்திடுவான்" என்பது அவர் கொள்கை. இன்று ஒரு செயலி எனக்கு அடுத்த பாட்டைத் தானே போடுகிறது. அண்ணன் அளவுக்கு அதற்குக் கல்யாண வீடு தெரியவில்லை.

இந்தப் பதிவு குற்றமா இல்லையா? இங்கேதான் குமாஸ்தா எழுந்து நிற்பார். அவர் வழங்கிய தீர்ப்புகள் இன்னும் மனப்பாடம். வெறும் கேசட் வாங்கும்போதே வரி கட்டியாயிற்று, அதோடு அரசாங்கத்தின் வேலை முடிந்தது. ஒரு படத்தின் பாட்டு முழுவதையும் பதிந்தால்தான் குற்றம். நாலு படத்திலிருந்து நாலு பாட்டு எடுத்தால் அது கலவை, புதுச் சரக்கு. ரேடியோவில் வந்த பாட்டைப் பிடித்துப் பதிந்தால் கேள்வியே கிடையாது. "காத்துல வந்தது காத்துக்குச் சொந்தம். காத்து மேல கேஸ் போடுவானா?"

ஒன்றுகூடச் சரியில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நாலு பாட்டுக் கணக்கு எங்கும் கிடையாது. உரிமம் இல்லாமல் ஒலிப்பதிவை நகலெடுத்து விற்பது குற்றம். வீடியோவும் கேசட்டும் பரவியதைப் பார்த்து 1984-ல் தண்டனையைக் கூட்டினார்கள்: ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நிலாவைப் பற்றித் தப்பாகச் சொன்னால் காலண்டர் காட்டிக் கொடுக்கும். சட்டத்தைப் பற்றி என்ன சொன்னாலும் காட்டிக் கொடுக்க ஒன்றுமில்லை. எங்கள் தெருவுக்கு அந்தச் சட்டம் வந்ததே இல்லை, எனவே குமாஸ்தா தோற்றதே இல்லை. வருடக்கணக்கில் தோற்காத கருத்து வேதமாகிவிடும். அண்ணனே, எதையும் திருப்பிப் பார்க்கிற அண்ணனே, குமாஸ்தா சொன்னதை மட்டும் அப்படியே நம்பினார்.

வாத்தியார் ஒருநாள் அதை ஆட்டிப் பார்த்தார். பாரதி பாட்டும் ஒரு காலத்தில் ஒருத்தர் பெட்டிக்குள் இருந்ததுதான் என்றார். பாரதி பாடல்களை இசைத்தட்டாகவும் ஒலிபரப்பாகவும் பயன்படுத்துகிற உரிமை ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. நாற்பதுகளின் கடைசியில், டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது வழக்கு வரை போனது. எழுத்தாளர்கள் கூட்டம் போட்டார்கள், பத்திரிகைகள் எழுதின. 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி எழுத்தின் உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பர் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். இன்று தமிழக அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குகிற வழக்கத்துக்கு அதுதான் தொடக்கம். "காத்துல வந்தது காத்துக்குச் சொந்தம்னா, இவ்வளவு பேர் ஏன் சண்டை போட்டாங்க?" என்று வாத்தியார் கேட்டார். குமாஸ்தா, "அது வெள்ளைக்காரன் சட்டம் சார்" என்று முடித்துவிட்டார். பாரதி பாட்டைக் கடையில் இலவசமாகப் பதிந்து கொடுப்பதென்று மட்டும் அன்று முடிவானது. கேட்டு யாரும் வரவில்லை.

சொந்த உபயோகத்துக்கு என்றால் ஓரளவு நகல் எடுக்கலாம் என்று சட்டம் பாட்டுப் பதிவுக்கும் வாய்திறந்தது 2012 திருத்தத்தில்தான். அதுவும் நியாயமான அளவில், தனிப்பட்ட பயனுக்கு. கடை வைத்துப் பதிவதற்கு அல்ல. எங்கள் பெஞ்சு எண்பதுகளில் சொன்னதில் கால்வாசி சரியானபோது, கேசட் வாங்க நாட்டில் கடையில்லை.

கேசட் போய் விசிடி வந்தது. அண்ணன் கடையும் மாறியது. புதுப்படம் வெள்ளிக்கிழமை வந்தால் திங்கள்கிழமை வட்டு வந்துவிடும். தியேட்டரில் கேமரா வைத்து எடுத்தது, நடுவில் யாரோ எழுந்து போவது தெரியும். 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தது. விசாரணைக்கு முன்பே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம் என்கிற சட்டம் அது. சாராயம் காய்ச்சுகிறவரையும் விசிடி விற்கிறவரையும் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் கொண்டுவந்தது. எனக்கு அன்றும் இன்றும் அது அதிகப்படி. திருட்டு திருட்டுதான், அதற்குப் பதிப்புரிமைச் சட்டமே போதும். விசாரணையில்லாச் சிறை எதற்கு?

அப்போதும் குமாஸ்தா கைவிடவில்லை. பொறையாரைத் தாண்டினால் நண்டலாறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் காரைக்கால், புதுச்சேரி ஆட்சி. சாராயத்துக்கு அங்கே ஒரு விலை, பெட்ரோலுக்கு ஒரு விலை, சோதனைச்சாவடியில் ஒரு காவலர். "தமிழ்நாட்டுச் சட்டம் பாலத்தோட நிக்கும். சரக்க அந்தாண்ட வச்சுக்க" என்றார் அண்ணனிடம். அவர் வாழ்நாளில் சொன்னதில் பாதி சரியான ஒரே சட்டக் கருத்து இது. குண்டர் சட்டம் பாலத்தோடு நின்றது உண்மை. பதிப்புரிமைச் சட்டம் நிற்காது, அது நாடு முழுவதற்குமானது. பாதி சரியானதுதான் ஆளைக் கவிழ்க்கும். வக்கீல் ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள் என்று நான் மாயவரத்திலிருந்து போன் பண்ணிச் சொன்னேன். அண்ணன் கேட்டாரோ, பயந்தாரோ, அந்த வருடமே விசிடியை நிறுத்திவிட்டு மொபைல் ரீசார்ஜ் போட ஆரம்பித்தார்.

அந்த வருடம்தான் டிசம்பர் 26 சுனாமி. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. கடலோரத் தெருக்கள் போயின, ஆட்கள் போனார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நாலு நாள் கழித்து நடந்ததைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 30 அன்று மறுபடி அலை வருகிறதென்று டெல்லியிலிருந்தே எச்சரிக்கை வந்தது. இறந்தவர்களை இன்னும் தேடிக்கொண்டிருந்த ஊர், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு மேற்கே பொறையார் சாலையில் ஓடியது. நானும் ஓடினேன். எச்சரிக்கைக்கு ஆதாரம் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஊகம் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் அதைப் பிதற்றல் என்று ஒதுக்கினார். பலகை பெஞ்சிலிருந்து வந்த கருத்தாயிருந்தால் யாராவது எதிர்த்துக் கேட்டிருப்போம்.

அதே கடற்கரையில் வேறு விதமாகவும் நடந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்கிற மீனவர் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தினமும் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர்கள் சொன்னதையும் கண்டதையும் தினம் ஒப்பிட்டுப் பார்த்து, அந்தக் குழாய் சொன்னால் நம்பலாம் என்று பழகியிருந்தார்கள். சுனாமி அன்று காலை சிங்கப்பூரில் வேலையிலிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்துக்கு ஓடி, அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் வெளியேறியது, பிழைத்தது. இந்தியாவுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007 அக்டோபரில்தான் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தது, மக்களும் மேட்டுக்குப் போனார்கள். கடலடித் தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் பெரிதாக எழும்பவில்லை. அன்று அலை வராததை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை.

இப்போது பெஞ்சு கிடையாது. கைக்குள் போன் இருக்கிறது, கருத்துக்குக் குறைவில்லை. என் வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் வருகிற செய்தி ஒன்று: தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் காற்று வீசுகிறது, உலகில் ஓரிரு இடத்தில்தான் இப்படி, மூச்சிழுத்தால் ஆயுசு கூடும். சுற்றுலா வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்து கைகளை விரித்து நெஞ்சு நிறைய இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓசோன் வானத்தில் உயரே இருந்தால்தான் நமக்கு நல்லது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும். தரைமட்டத்தில் இருந்தால் நுரையீரலை அரிக்கிற நஞ்சு. கடல்வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, கடலின் நுண்ணுயிர்கள் வெளியிடுகிற கந்தகச் சேர்மத்தினுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கடற்காற்றை ஓசோன் என்று நம்பி நோயாளிகளைக் கரைக்கு அனுப்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படியோ எங்கள் ஊருக்கு விலாசம் தேடி வந்துவிட்டது. இதை நான் குழுவில் எழுதினால், கைகூப்புகிற பொம்மை ஒன்று பதிலாக வரும். மறுவருடம் அதே செய்தி மறுபடியும் வரும். ஆன்டெனாக் காலத்தில் விஞ்ஞானம் பேசினால் மாடி ஏற வேண்டியிருந்தது. இப்போது விஞ்ஞானமும் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. யாரும் மாடி ஏறுவதில்லை.

சட்டமோ போனுக்குள்ளேயே வந்துவிட்டது. 2012-ல் ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகப் புதுச்சேரியில் ஒருவரைக் கைது செய்தார்கள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிவானதால், இனி பதியக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. காவல் நிலையத்திலேயே செத்த சட்டம் நடமாடுகிறதென்றால், நம் பெஞ்சு குமாஸ்தாவை மட்டும் குறை சொல்வானேன்?

போன வருடம் எங்கள் தெருவில் நடந்தது இது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார், எல்லோருக்கும் டீச்சரம்மா. அவருக்கு ஒரு வீடியோ அழைப்பு. மும்பை போலீஸ் என்றார்கள். அவர் ஆதார் எண்ணில் ஒரு பார்சல் போயிருக்கிறது, உள்ளே போதைப்பொருள், அவர் 'டிஜிட்டல் அரெஸ்ட்'டில் இருக்கிறார், கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, வங்கிப் பணத்தைச் 'சரிபார்ப்பு'க்கு அனுப்ப வேண்டும். திரையில் காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம், முத்திரை போட்ட வாரண்ட். இருபது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

வழக்கமாக மீன் கொண்டு வருகிற அம்மா கூடையை இறக்கிவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் டீச்சரம்மா பேசாமல் கண்ணீர் விடுகிறார், போனில் ஒருவன் அதட்டுகிறான். மீன்காரம்மா போனைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு டீச்சரம்மா சொல்லிச் சொல்லித் தெருவுக்கே பாடமானது அவர் கேட்டது:

"போலீசா? பொறையார் டேசன் இஞ்ச கூப்பிடுதூரம். அவுங்கள ஒரு ஆள வூட்டுக்கு அனுப்பச் சொல்லு, வந்து புடிச்சிட்டுப் போவட்டும். நான் இஞ்சயே உக்காந்திருக்கேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அண்ணன் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்குக் கடையில் நிரந்தரப் பெஞ்சு கொடுத்திருப்பார். சட்டப் புத்தகம் படிக்காமலே அவர் சரியான திருகைத் திருகியிருந்தார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு சொல்வதும் ஏறக்குறைய அதுதான்: கைது செய்கிற அதிகாரி ஆளைத் தொட்டோ தடுத்தோ பிடிக்க வேண்டும், அல்லது அந்த ஆள் சொல்லாலோ செயலாலோ அவர் காவலுக்கு உட்பட வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. போனை அணைக்காமல் உட்கார்ந்திருப்பது எந்தச் சட்டத்திலும் கைது ஆகாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில், டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது என்று சொன்னார்.

உங்கள் வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். அப்படி ஓர் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு நேரில் போகச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறார்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.